பாப்பா போட்ட சார்ஜ்

மாற்று வாகன ஒப்புதல் அலுவலகத்தைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவன் இல்லை. அந்த அலுவலகம் ஒப்புதல் கொடுத்த வண்டிகளில் ஒன்றுகூட இன்றுவரை சாலையில் தீப்பிடித்ததில்லை. ஒன்றுகூட யார் மீதும் மோதியதில்லை. இதை எப்படிச் சாதித்தார்கள் என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்க்கும் பாக்கியம், எதிர்வீட்டு வேன்காரர் தயவில் எனக்குக் கிடைத்தது.

வேன்காரர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். அதிர்ந்து பேசத் தெரியாது. ஒரே மகள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை பார்த்தாள். வேலைக்குப் போகும் வயதாகியும் தெரு முழுக்க அவளுக்குப் பாப்பாதான். யாரோ ஓட்டி அலுத்த சின்ன எலெக்ட்ரிக் கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். சாயங்காலம் வந்ததும் ஜன்னல் வழியாக வயரை இழுத்து வண்டிக்குச் சார்ஜ் போடுவாள். வயர் காலைத் தடுக்குகிறது என்று அவள் அம்மா தினமும் திட்டுவார். காலையில் வயரைச் சுருட்டி ஜன்னலோர ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்புவாள்.

ஒருநாள் அப்படித்தான் மாட்டிவிட்டுக் கிளம்பினாள். பெரிய சாலை முனையில் ஒரு லாரி வந்து மோதியது. அந்த லாரிக்குத் தகுதிச் சான்று இருந்தது. மேற்படி அலுவலகக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், அந்த மாதமே, முத்திரையோடு கொடுத்திருந்தார்கள். பிரேக் மட்டும்தான் இல்லை.

அதன் பிறகு பாப்பாவின் அம்மா வாசல்படியைத் தாண்டவில்லை. எந்த வண்டியிலும் ஏற மாட்டேன் என்றுவிட்டார். உறவுக்காரர்கள் வந்து கெஞ்சினார்கள், கோபித்துக்கொண்டார்கள், பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். வயர் ஆணியிலேயே தொங்கியது.

அந்த அம்மாவின் தம்பி ஆட்டோ எலெக்ட்ரீஷியன். நொறுங்கிய காரைக் காயலான் கடைக்குக் கொடுக்கும் முன், உள்ளே இருக்கும் சாமான்களை எடுத்துவரப் போனவன், அடித்தளத்தைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தான். முன்பக்கம்தான் போயிருந்தது. தரைக்கு அடியில் பேட்டரி கீறல்கூட இல்லாமல் இருந்தது. அங்கிருந்தே மாமாவுக்குப் போன் செய்தான்.

"மாமா, இதுல முக்கால்வாசி சார்ஜ் அப்படியே கெடக்கு."

"சரி மாப்ளே."

"மாமா, நான் சொல்றது புரியலையா. அன்னைக்குப் பாப்பா போட்டது. அதுதான் இருக்கு."

வேன்காரர் போனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். அன்றே போய் எடுத்து வந்தார்கள். பேட்டரி என்பது ஒரே பொருளல்ல, மாட்யூல் என்று சொல்லப்படும் கட்டைகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டியது. ஒவ்வொன்றும் ஒரு தலையணை அளவு, கல் மாதிரி கனம். எல்லாவற்றையும் கூடத்தில் அடுக்கித் துணி போட்டு மூடினார்கள். என்னவென்று அம்மா கேட்டார். தம்பி சொன்னான். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, துணிக்கு மேல் உள்ளங்கையை வைத்தார். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பது போல இருந்தது அது. கையை எடுக்காமலே சொன்னார்.

"இது தீர்றதுக்குள்ள ஒரு தடவ என்னைய இதுல கூட்டிட்டுப் போங்க. இதுல மட்டும் ஏர்றேன்."

"எங்கம்மா போகணும்?" என்றார் வேன்காரர்.

"அவ கடைக்கு. கண்ணு டெஸ்ட் பண்ணிக்க வாம்மா, வாம்மான்னு எத்தன தடவ கூப்பிட்டா. நாளைக்கு, நாளைக்குன்னே சொல்லிட்டேன்."

இதற்காகத்தான், அந்த பேட்டரியில் வேனை ஓட்டிவிடலாம் என்று, வேன்காரர் தன் வேனின் இன்ஜினைக் கழற்றி வீசினார். பிள்ளைகளை ஏற்ற வேறொருவரின் வண்டியை வாடகைக்கு ஓட்டினார். பழைய கிடங்கில் சுமை தூக்கும் வண்டியிலிருந்து ஒரு மோட்டார் கிடைத்தது. பாப்பாவின் காரில் எல்லாக் கட்டைகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சங்கிலியாக இருந்தன. அவ்வளவு மின்னழுத்தம் வந்தால் இந்த மோட்டார் கருகிவிடும். எனவே சங்கிலியைப் பாதியாகப் பிரித்து, இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சேர்க்க வேண்டும். சேர்க்கும் முன் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இரண்டு தண்ணீர்த் தொட்டிகளைக் குழாயால் இணைக்கும் முன் பார்ப்பது மாதிரி. மைத்துனன் ஸ்பேனர் பிடிகளில் டேப் சுற்றினான். வேன்காரரின் மோதிரத்தைக் கழற்றச் சொன்னான். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு இருவரும் அந்தக் கட்டைகளைத் தூக்கியபோது நான் வாசலில் நின்று பார்த்தேன். அவ்வளவு பதமாக யாரும் எதையும் தூக்கி நான் பார்த்ததில்லை.

சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மைத்துனன் சுவிட்சைப் போட்டான். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது.

"போதும், நிறுத்து. செலவு பண்ணாத," என்றார் வேன்காரர்.

மீதிச் சோதனைகளை எல்லாம் வேறு பழைய பேட்டரிகளை வைத்தே செய்தார்கள். இன்ஜினை மாற்றிய வண்டி சாலைக்கு வர மாற்று வாகன அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். எல்லாம் முடிந்தபின் மைத்துனன் சொன்னான்:

"ஒப்புதல் கிப்புதல் எல்லாம் எதுக்கு மாமா. ஒரே ஒரு தடவதானே. கடை வரைக்கும் போயிட்டு வந்துருவோம்."

"வேணாம் மாப்ளே. ஒழுங்கில்லாத வண்டியால ஒரு வீடு என்ன ஆகும்னு நமக்குத் தெரியும்ல. முறைப்படியே போவோம்."

முறைப்படி என்ற சொல்லை அவர் அன்று எவ்வளவு நம்பிக்கையோடு சொன்னார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னவோ செய்கிறது.

ஒப்புதல் அலுவலகத்தின் சுவரில் 'மாற்றத்தை வரவேற்கிறோம்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே, 'நாற்காலிகளை இடம் மாற்றக் கூடாது' என்று சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறது. வேன்காரர் இரண்டையும் படித்துவிட்டு நின்றுகொண்டே காத்திருந்தார். உதவி ஆய்வாளர் கூப்பிட்டார். மரியாதையான மனிதர். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை என்று வேன்காரரே சொல்லியிருக்கிறார்.

"ஐயா, இந்த பேட்டரி வேற வண்டியோடது. அந்த வண்டியோட உரிமையாளர் நேர்ல வந்து, எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு சொல்லணும்."

"அவ இல்ல சார்."

"எப்ப வருவாங்க?"

"வர மாட்டா சார்."

"வெளியூரா? காணொளியில வந்தாக்கூடப் போதும்."

"செத்துப்போயிட்டா சார். என் பொண்ணு."

உதவி ஆய்வாளர் எழுந்து நின்று வருத்தம் தெரிவித்தார். வருத்தம் தெரிவிக்கும்போது எழுந்து நிற்க வேண்டும் என்பது அங்கே விதி. பிறகு உட்கார்ந்து, "அப்ப வண்டியையாவது கொண்டு வாங்க," என்றார்.

"அதை நசுக்கிட்டாங்களே சார்."

"நசுக்கினாலும் வண்டி வண்டிதானே ஐயா. அதை நாம மறுக்க முடியாது."

காயலான் கடையில் நசுக்கிய கார்களைச் செங்கல் மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். எந்தக் கார் எது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாம் ஒன்றுதான் என்றார். வேன்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு கட்டியின் இடுக்கில் சீட் உறையின் ஓரம் தெரிந்தது. மனைவி தைத்த உறை. தையல் அவருக்குத் தெரியும்.

அந்தக் கட்டியைச் சுமை வண்டியில் ஏற்றி ஒப்புதல் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். உதவி ஆய்வாளர் அளவு டேப்போடு வந்து சுற்றிப் பார்த்தார்.

"கதவைத் திறங்க."

வேன்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டியின் மேல் கையை வைத்தார். எடுத்தார்.

"கதவு திறக்கவில்லை," என்று எழுதிக்கொண்டார் உதவி ஆய்வாளர். "ஹாரன்?"

"இல்ல சார்."

"ஒலிப்பான் பதிலளிக்கவில்லை. நிறம் சரியா இருக்கு. அளவு மட்டும் கொஞ்சம் சுருங்கியிருக்கு." எழுதி முடித்து மூடியைப் பேனாவில் மாட்டினார். "வண்டி இருக்குன்னு உறுதியாயிடுச்சு. நீங்க எடுத்துட்டுப் போகலாம். சிரமத்துக்கு வருந்துகிறோம்." இதற்கும் எழுந்து நிற்க வேண்டும் போலிருக்கிறது, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தார்.

திரும்பும்போது வேன்காரர் ஓட்டுநர் பக்கத்தில் உட்காரவில்லை. பின்னால் அந்தக் கட்டியோடு ஏறிக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டுவரவும் இல்லை. எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்தது தொழில்நுட்ப ஆய்வு. அதற்கு இரண்டு பிரிவுகள் இருந்தன, தொடரிணைப்புப் பிரிவு, பக்க இணைப்புப் பிரிவு. தொடரிணைப்புப் பிரிவில் அலுவலர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் லீவு போட்டாலும் பிரிவு முழுவதும் நின்றுவிடும். பக்க இணைப்புப் பிரிவில் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே பாதிப் பேர் வராவிட்டாலும் யாருக்கும் தெரியாது. இரண்டு பிரிவுக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. எந்தப் பிரிவு திறக்க வேண்டும் என்று முடிவாகாததால் அது பூட்டியே இருந்தது.

"இதுல பக்க இணைப்பு இருக்கே," என்றார் தொடரிணைப்பில் முதல் நாற்காலிக்காரர். "அது எங்க வேலை இல்லையே. எல்லாத்தையும் ஒரே தொடரா மாத்திக் கொண்டு வாங்க, பாத்துச் சொல்றோம்."

"அப்படித்தான் சார் முதல்ல இருந்துச்சு. மோட்டார் தாங்காதுன்னுதான் மாத்தினோம்."

"மோட்டார் வேற பிரிவு."

மாமனும் மைத்துனனும் கட்டைகளைக் கழற்றி, பழையபடி ஒரே சங்கிலியாக்கிக் கொண்டுபோனார்கள். முதல் நாற்காலிக்காரர் பார்த்துப் பின்னால் தள்ளினார். அவர் பின்னால், அவர் பின்னால். கடைசி நாற்காலி திருப்தியோடு தலையசைத்தது. அதை எடுத்துக்கொண்டு பக்க இணைப்புப் பிரிவுக்குப் போனால் அங்கே சிரித்தார்கள்.

"இதுல பக்க இணைப்பே இல்லையே. இல்லாத ஒண்ணுக்கு நாங்க எப்படி ஒப்புதல் தர்றது? எல்லாத்தையும் பக்கம் பக்கமா மாத்திக் கொண்டு வாங்க."

மைத்துனனுக்கு முகம் சிவந்தது. "சார், எல்லாத்தையும் பக்கம் பக்கமா வச்சா வண்டி நகராது சார். அத்தனை கட்டையும் சேர்ந்து ஒரு கட்டையோட தெம்புதான் வரும்."

"நகர்றது வேற பிரிவு, தம்பி."

கழற்றினார்கள், மாட்டினார்கள். ஒவ்வொரு முறையும் வேன்காரர் மட்டத்தைப் பார்ப்பார். "ஒண்ணும் சிந்தலையே?" என்று கேட்பார். "இல்ல மாமா, அப்படியே இருக்கு," என்பான் மைத்துனன். இப்படிக் கட்டைகளை அடுக்கிக் கலைத்து, இரண்டு பிரிவும் தனித்தனியே சம்மதித்த பிறகு, வண்டிக்கு வேண்டிய பாதிக்குப் பாதி அமைப்பில் பூட்டி எடுத்துப்போனபோதுதான் தெரிந்தது, இரண்டும் கலந்த ஒன்றுக்கு இரண்டு பிரிவும் சேர்ந்து உட்கார வேண்டும். சேர்ந்து உட்கார்வதற்குப் பெயர் கூட்டுக் குழு. கூட்டுக் குழு கூடுவதற்கு இயக்குநர் வர வேண்டும். அதுவரை வண்டி அலுவலகக் கொட்டகையில், சீல் வைத்து இருக்க வேண்டும்.

சீல் வைக்க முதன்மை ஆய்வாளரே வந்தார். பேட்டரிப் பெட்டிக்குள் ஒவ்வொரு கட்டையையும் சூடு, அளவு என்று கவனித்துக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன போர்டு உண்டு. அது விழித்திருக்கிறது என்பதற்கு அடையாளமாக ஒரு பச்சை விளக்கு மினுக்கும். பெட்டியின் காற்றுத் துளை வழியாகப் பார்த்தால் தெரியும்.

"சார், ஒரே ஒரு உதவி," என்றான் மைத்துனன். "அந்த போர்டு சும்மா இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமா சார்ஜைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். ஒரு சின்ன ப்ளக்தான். அதைப் பிடுங்கிட்டா பேட்டரி தூங்கிடும். அப்புறம் சீல் வைங்க."

முதன்மை ஆய்வாளர் தன் காதுகளை நம்பாதவர் போல அவனைப் பார்த்தார்.

"பாதுகாப்புக் கருவியை அணைக்கச் சொல்றியா? காவல்காரனைத் தூங்க வச்சிட்டுக் கதவைப் பூட்டச் சொல்றியா? தம்பி, நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து எதையும் அணைச்சதில்லை. என் ரூம்ல ஃபேன் ஞாயித்துக்கிழமைகூட ஓடும். போய்ப் பாரு."

"அப்ப நடுவுல நடுவுல வந்து சார்ஜாவது போட்டுக்கலாமா சார்?"

"சீல் வச்ச பொருள்ல எதையும் சேர்க்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது."

"அந்த போர்டு எடுத்துக்குதே சார்."

"மனுஷன் எடுக்கக் கூடாதுன்னுதான் விதி. கருவி எடுக்கக் கூடாதுன்னு எங்கயும் சொல்லலை."

வேன்காரர் கைகூப்பினார். "சார், அதுல இருக்கிறது என் பொண்ணு போட்ட சார்ஜ். அவ அம்மா அதுல ஒரு தடவ போகணும்னு காத்துக்கிட்டு இருக்கா. அது போச்சுன்னா திரும்ப வராது."

முதன்மை ஆய்வாளர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. தோளில் தட்டிக்கொடுத்தார். "கவலைப்படாதீங்க ஐயா. எங்ககிட்ட இருக்கிற வரைக்கும் யாரும் அதைத் தொட முடியாது," என்று சொல்லி, பெட்டியைச் சுற்றிக் கம்பி கட்டி, ஈயத்தை நசுக்கி முத்திரை பதித்தார்.

அதன் பிறகு வேன்காரர் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அந்தக் கொட்டகைக்குப் போவது வழக்கமாயிற்று. காவலாளி விட்டுவிடுவார். வேன்காரர் குனிந்து துளை வழியாகப் பச்சை விளக்கைப் பார்ப்பார். மினுக்கும். மினுக்குவது நிம்மதியாகவும் இருக்கும், ஒவ்வொரு மினுக்கும் அவள் வைத்துவிட்டுப் போனதில் ஒரு சொட்டு என்று நினைக்கும்போது கண்ணை எடுத்துக்கொள்ளவும் தோன்றும். சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு இதைத்தான் சொல்வார். வேறு பேச்சு அவரிடம் இல்லை.

வீட்டில் மனைவி கேட்பார். "லைட் எரியுதா?"

"எரியுது."

"பச்சையா?"

"பச்சைதான்."

கூட்டுக் குழு ஒருதடவை கூடியது, நாற்காலிகள் போதவில்லை என்று கலைந்தது. இன்னொரு தடவை இயக்குநர் வந்தார், ஆனால் தொடரிணைப்பில் நடுவில் ஒருவருக்குச் சளி. வெயில் போய் மழை வந்தது. விளக்கு ஆரஞ்சு நிறமானது. வேன்காரர் முதன்மை ஆய்வாளரிடம் ஓடினார். எச்சரிக்கை விளக்கு சரியாக வேலை செய்கிறது என்பதைக் கேட்டு அவர் மகிழ்ச்சி தெரிவித்தார். மழை விட்டபோது விளக்கு சிவப்பானது. பிறகு ஒருநாள் வேன்காரர் குனிந்து பார்த்தார். இருட்டாக இருந்தது. நெற்றியைத் துளையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாராம். காவலாளி வந்து தூக்கிவிட்டிருக்கிறார்.

அன்று மாலை மைத்துனன் சொன்னான்: "அக்காகிட்ட சொல்லிடலாம் மாமா."

"அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேருந்து வந்து நான்தான் அவகிட்டச் சொன்னேன். இன்னொரு தடவ அந்தச் சேதியை நான் சொல்ல மாட்டேன் மாப்ளே."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "லைட் எரியுதாங்க?"

"எரியுது," என்றார் வேன்காரர்.

கடைசியில் கூட்டுக் குழு கூடியது. கொட்டகையில் மேடை போட்டிருந்தார்கள். நானும் துணைக்குப் போயிருந்தேன். சீலை உடைத்து, மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தார்கள். முள் அசையவில்லை. தொடரிணைப்புப் பிரிவு பார்த்தது, பூஜ்யம். பக்க இணைப்புப் பிரிவு பார்த்தது, பூஜ்யம். பூஜ்யத்தை வரிசையாக வைத்தாலும் பக்கத்தில் வைத்தாலும் பூஜ்யம்தான் என்பதில் இரண்டு பிரிவுக்கும் முதன்முறையாகக் கருத்து ஒற்றுமை ஏற்பட்டது. நடுக்கதவைத் திறக்கலாமா என்றுகூட ஒருவர் கேட்டார்.

இயக்குநர் எழுந்தார். அவர் பேச்சை எனக்கு நினைவிருக்கும் அளவுக்குச் சொல்கிறேன்.

"ஆபத்தில்லாத மின்சாரம் என்பது நமது நீண்டநாள் கனவு. இன்று இந்த வேனில் அந்தக் கனவு நனவாகியிருக்கிறது. இந்த பேட்டரியைத் தொட்டால் ஷாக் அடிக்காது. தீப்பிடிக்காது. குழந்தைகூட இதன்மேல் உட்காரலாம். ஏன் இவ்வளவு தாமதம் என்று சில பொறுமையற்றவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல்நாளே இதைச் சோதித்திருந்தால் இதில் மின்சாரம் இருந்திருக்கும். ஆபத்து இருந்திருக்கும். நாம் பொறுத்தோம். ஆபத்து தானாகவே விலகியது. இதுதான் நமது அலுவலகத்தின் வழி. இந்த வழியில் வந்த எந்த வண்டியும் இதுவரை விபத்துக்குள்ளானதில்லை. இனியும் ஆகாது என்று நான் உறுதி கூறுகிறேன்."

கைதட்டினார்கள். வேன்காரரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுல என் பொண்ணு போட்ட சார்ஜ் இருந்துச்சு," என்றார். மைக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

அதற்கும் கைதட்டினார்கள். வண்டியின் முன்கண்ணாடியில் பளபளப்பான ஒப்புதல் வில்லையை ஒட்டினார்கள். ஒப்புதல் பெற்ற வண்டியை வளாகத்தில் நிறுத்தி வைக்கக் கூடாது என்பதால் உடனே எடுக்கச் சொன்னார்கள். மைத்துனன் ஸ்டீயரிங்கைப் பிடித்தான். வேன்காரரும் நானும் பின்னாலிருந்து தள்ளினோம். வண்டி வாசலைத் தாண்டியபோது காவலாளி விறைப்பாக சல்யூட் அடித்தார். விதியா, மனசு கேட்காமலா என்று தெரியவில்லை.

எங்கள் தெரு முனையில் வேன்காரர் நிறுத்தச் சொன்னார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். காலையில் கிளம்பும்போதே மனைவி குளித்து, வெளியே போக வைத்திருந்த உடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்றார். என்ன செய்வதாக உத்தேசம் என்று நான் கேட்டேன்.

"தள்ளு," என்றார்.

தெரு லேசான இறக்கம். வண்டி சத்தமே இல்லாமல் உருண்டு அவர்கள் வாசலில் போய் நின்றது. கதவு திறந்திருந்தது. வேன்காரரும் நானும் வண்டியின் பின்னால் குனிந்துகொண்டோம். அந்த அம்மா படியில் நின்று வண்டியைப் பார்த்தார். பிறகு ஒரு படி இறங்கினார். இன்னொரு படி. எத்தனையோ பேர் கெஞ்சியும் இறங்காத படி. தம்பி கதவைத் திறந்துவிட்டான். ஏறி உட்கார்ந்தார்.

"அவரு எங்கடா?"

"பின்னாடி இருக்காருக்கா. பேட்டரியைப் பார்த்துக்கணும்ல."

"சரி, போ."

தள்ளினோம். எனக்கும் இளமை திரும்பிவிடவில்லை, முதுகு விண்விண்ணென்று தெறித்தது. ஆனால் மூச்சு வெளியே கேட்டுவிடக் கூடாதே என்பதுதான் கவலையாக இருந்தது. ஜன்னல் திறந்திருந்ததால் அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்டது.

"சத்தமே இல்லடா."

"ஆமாக்கா."

"அவ வண்டியும் இப்படித்தான். வந்து நின்னதே தெரியாது. அடுப்படியில நிக்கிறப்ப பின்னாடி வந்து அம்மான்னுவா. தூக்கிவாரிப் போடும்."

பெரிய சாலைக்குத் திரும்பும் இடத்தில் ஒரு மேடு. வேன்காரர் தோளைக் கொடுத்தார். கால் வழுக்கியது. மறுபடி கொடுத்தார். அவர் கழுத்து நரம்பெல்லாம் புடைத்து நின்றது. பக்கத்தில் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயின. மேட்டில் ஏறியதும் எதிரில் கண்ணாடிக் கடையின் போர்டு தெரிந்தது.

"நிறுத்து தம்பி," என்றார் அந்த அம்மா.

வண்டி நின்றது.

"உங்க மாமாவை ஏறச் சொல்லு. வீட்டுலேருந்து வர்ற வழியெல்லாம் அவரு மூச்சு வாங்குறது கேட்டுக்கிட்டே இருக்கு."

வேன்காரர் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்தபடியே நின்றார். அவர் நகராததால் அந்த அம்மாவே இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். அவர் நெற்றி வேர்வையை உள்ளங்கையால் வழித்துவிட்டார்.

"கொஞ்ச நாளா பச்சைதான், பச்சைதான்னு நீங்க சொன்னப்பல்லாம் செவுத்தைப் பார்த்துத்தான் சொன்னீங்க. எனக்குத் தெரியாதா?"

"தீந்துபோச்சும்மா," என்றார் வேன்காரர். "என்னால காப்பாத்த முடியல." சொல்லிவிட்டு அந்த மனிதர் நடுச்சாலையில் தேம்பித் தேம்பி அழுதார். மகள் போனபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

பின்னால் நின்ற வண்டிகளின் ஹாரன் கூடிக்கொண்டே போனது. போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். முன்கண்ணாடியில் ஒப்புதல் வில்லை இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, வண்டியை எடுங்கள் என்றார்.

அந்த அம்மா வண்டிக்குள் கையை நீட்டி, பேட்டரிப் பெட்டியின் மேல் ஒருமுறை வைத்தார். ஜில்லென்றிருந்திருக்கும். கையை எடுத்துக்கொண்டு கணவனுக்குப் பக்கத்தில் வந்து நின்று, வண்டியின் மேல் இரண்டு கையையும் ஊன்றினார்.

"கடை அந்தா இருக்கு. தள்ளுங்க," என்றார்.